சீட்டில்லாமல் வாங்கிய காது

எனக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. மற்றவர்கள்தான் வாயைத் திறக்காமல் பேசப் பழகிவிட்டார்கள். ஒரு வருஷம் முழுக்க இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் சொன்னேன், கடையில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூடச் சொன்னேன். வேலை செய்கிற இடத்தில் மட்டும் மூச்சு விடவில்லை. அங்கே என் பிழைப்பே காதுதான்.

தொழிற்சாலையில் கிரைண்டிங் கல் ஸ்டோர் என் பொறுப்பு. இரும்பை உரசி மழமழப்பாக்குகிற வட்டக் கற்கள் லாரியில் வந்து இறங்கும். சாப்பாட்டுத் தட்டு அளவிலும் இருக்கும், லாரிச் சக்கரத்தில் முக்கால்வாசி அளவிலும் இருக்கும். மெஷினில் மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டு மரச் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கல் 'ணங்' என்று பாடும். உள்ளே விரிசல் விட்ட கல் 'டொப்' என்று செத்த குரலில் சொல்லும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. தெரியாமல் மாட்டிவிட்டால் சுற்றுகிற வேகத்தில் கல் வெடித்துவிடும். மேலே மூடியிருக்கிற இரும்புக் கவசத்தையும் பிய்த்துக்கொண்டு துண்டு துண்டாகப் பறக்கும். எதிரே நிற்கிறவன் கதி என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

இருபத்திரண்டு வருஷமாகத் தட்டுகிறேன். நான் தட்டிச் சரி பார்த்த கல்லில் சாக்பீஸால் ஒரு டிக் போடுவேன். புதுக் கல்லை மாட்டியதும் மெஷினை ஓடவிட்டு, ஒரு நிமிஷம் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது சட்டம். சுவரில் பெரிய எழுத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் மெஷின்கள் ஓடுகிற எங்கள் ஷெட்டில் ஒருத்தரும் ஒதுங்கி நிற்பதில்லை. அண்ணியின் டிக் இருக்கிறதே, அப்புறம் எதற்கு ஒரு நிமிஷத்தை வீணாக்குவது? மாட்டிய கையோடு நேரே நின்று வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்து, உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன். உண்மையைச் சொல்வதற்கு இப்போது என்ன வெட்கம்?

அண்ணி என்று ஊரே கூப்பிடுவதற்குக் காரணம் என் கொழுந்தன். பெரிய மெஷினில் வேலை பார்க்கிறான். நான் கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். வந்த முதல் நாளே ஷெட் நடுவில் நின்று "அண்ணீ!" என்று கத்தினான். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் அண்ணி. என்னைவிட மூன்று வயது மூத்த சூப்பர்வைசருக்கும் அண்ணிதான். கொழுந்தனுக்கு அங்கே வைத்த பெயர் ரேடியோ. காலையில் வாயைத் திறந்தால் தூங்கப் போகும்வரை மூடமாட்டான்.

முதலில் 'ணங்' என்ற சத்தத்தின் வால்தான் காணாமல் போனது. தட்டினால் ஆரம்பம் கேட்கும், அது நீண்டு கரைந்து போகிற பகுதி கேட்காது. அந்த வாலில்தான் விஷயமே இருக்கிறது. கல்லோடு காதை ஒட்டிவைத்துத் தட்ட ஆரம்பித்தேன். ஒரு தட்டு தட்டுகிற இடத்தில் ஆறு தட்டு தட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டு தட்டினேன். வருஷா வருஷம் தொழிற்சாலைக்கு வந்து எல்லோருக்கும் காது பரிசோதிக்கிற அம்மா வந்த அன்று, எனக்கு வயிற்று வலி வந்துவிட்டது. பரிசோதித்தால் காகிதத்தில் எழுதுவார்கள். அந்தக் காகிதம் ஆபீசுக்குப் போகும். அடுத்த நாளே என்னை பேக்கிங் பகுதியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவதற்கா நான் பிறந்தேன்?

மருந்துக் கடையில் தலைவலித் தைலம் வாங்கப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். இருமல் மருந்துக்கும் ஷாம்புக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி, மேலே சிரிக்கிற ஒரு கிழவர் படம். காது மிஷின்.

"டெஸ்ட் எடுக்கணுமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா" என்றார் கடைக்காரர். "டாக்டர் வேண்டாம், சீட்டு வேண்டாம். ரப்பர் மூணு சைஸ் இருக்கு, எது பொருந்துதோ போட்டுக்குங்க. சத்தம் பத்தலைன்னா இந்தச் சக்கரத்தைத் திருகுங்க. அவ்வளவுதான் சமாச்சாரம்."

டாக்டர் எழுதிக் கொடுக்கிற மிஷின் விலைக்கு ஒரு பைக் வாங்கலாம். இது ஒரு ஜோடி நல்ல செருப்பு விலை. ஆனால் நான் மயங்கியது விலைக்கு இல்லை. 'டெஸ்ட் வேண்டாம்' என்று சொன்னாரே, அந்த இரண்டு வார்த்தைக்குத்தான். தைலத்தை மறந்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிறவர். பொடி எழுத்தைப் படிப்பதற்கென்றே பிறந்தவர். பெட்டிக்குள் இருந்த காகிதத்தை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இங்க என்ன போட்டிருக்குன்னு கேளு. ஒரு காதுல மட்டும் கேக்காட்டி, திடீர்னு கேக்காம போயிட்டா, தலை சுத்தினா, சீழ் வந்தா உடனே டாக்டரைப் பாருங்கன்னு போட்டிருக்கான்."

"எனக்கு அதெல்லாம் இல்ல."

"இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்? உன் காதுக்குள்ள நீயே போய் எட்டிப் பார்த்தியா?"

"உங்களுக்கு நான் நல்லா இருந்தாலே பிடிக்காதே."

"இதையும் கேளு. வேலை செய்யற இடத்துல எச்சரிக்கைச் சத்தத்துக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம்னு போட்டிருக்கான். சின்னதாத்தான் போட்டிருக்கான், ஆனா போட்டிருக்கான்."

"சின்னதா போட்டிருந்தா அது சின்ன விஷயம்னு அர்த்தம்" என்று காகிதத்தைப் பிடுங்கி மடித்து வைத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு மேல் பேசினால் ராத்திரி சாப்பாட்டில் உப்பு இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

முதல் இரண்டு நாள் சொர்க்கம். சாவிக்கொத்து குலுங்குவது கேட்டது. பேப்பர் புரட்டுவது கேட்டது. குழாய் சொட்டுவது கேட்டு, ஒரு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்ததாமே என்று வீட்டுக்காரரைத் திட்டினேன். மூன்றாம் நாளிலிருந்து அதன் சுயரூபம் தெரிய ஆரம்பித்தது. எது வேண்டும் எது வேண்டாம் என்று அதற்குத் தெரியவில்லை. மின்விசிறி, பாத்திரம், பக்கத்து வீட்டு நாய், நான் மெல்லுகிற சத்தம் என்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி தூக்கிக் காதில் கொட்டியது. சாயங்காலமானால் தலை கனத்துப் போகும். மூன்று சைஸ் ரப்பரில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, நடுவில் இருப்பது வாயைத் திறந்தால் நழுவும். தலையணையில் சாய்ந்தால் கீய்ய்ய் என்று கத்தும். போனைக் காதில் வைத்தால் கத்தும். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாலும் கத்தும்.

"குக்கர் விசில் வந்துடுச்சு, அடுப்பை அணைக்கட்டுமா?" என்பார் மனுஷன்.

நானும் ஒன்றும் மக்கு இல்லை. மனசுக்குள் தராசு பிடித்துத்தான் பார்த்தேன். காது உள்ளே புண்ணாகி வலிக்கிறது, ஆனால் கல்லின் 'ணங்' கேட்கிறது. ஷெட்டுக்குள் போனால் இரைச்சல் மண்டையைப் பிளக்கிறது, ஆனால் ஷெட்டுக்குப் போகும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். விசில் அடிக்கிறது, ஆனால் ஸ்டோரில் நான் தனியாகத்தானே இருக்கிறேன்? ஒவ்வொரு குறைக்கும் என்னிடம் ஓர் 'ஆனால்' தயாராக இருந்தது. தராசைப் பிடித்திருந்ததும் நான், தட்டை அழுத்தியதும் நான். தலைத்துணியை இறக்கிக் கட்டிக்கொண்டால் மிஷின் வெளியே தெரியாது. கல் தட்டும்போது சக்கரத்தைக் கடைசிவரை திருகி வைத்துக்கொள்வேன். கத்துவதற்குச் சற்று முன்னால் ஓர் இடம் இருக்கும். அங்கே நிறுத்தினால் கற்கள் அத்தனை அழகாகப் பாடின. இளம் வயதில்கூட அப்படிக் கேட்டதில்லை.

மூன்று வாரம். ஒரு கல்லாவது 'டொப்' என்று சொல்ல வேண்டுமே? சொல்லவில்லை. எப்போதும் நூற்றுக்கு இரண்டு மூன்று கழியும். இந்தத் தடவை ஒன்றும் கழியவில்லை. கல் அனுப்புகிற கம்பெனிக்காரன் திருந்திவிட்டான் என்று நினைத்தேன். சூப்பர்வைசரும் வந்து, "இந்த மாசம் கழிவே இல்லையாமே அண்ணி, கை ராசி!" என்றார். கை ராசியாம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் ரேடியோ கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தான். பெரிய மெஷினின் கல் தேய்ந்துவிட்டது, புதுசு வேண்டும்.

"நல்லதா ஒண்ணு குடுங்க அண்ணி. பொண்ணு பார்க்கிற மாதிரி பார்த்து எடுத்து வெச்சிருப்பீங்களே."

"உனக்கு இருக்கிற ஒருத்தியையே சமாளிக்கத் தெரியல, பேச்சைப் பாரு. எப்ப மாட்டப் போற?"

"இப்ப பழசைக் கழட்டுவேன். சாப்பிட்டு வந்து இதை மாட்டி ஓட்டிருவேன்."

டிக் போட்டு வைத்திருந்த கல்லை இரண்டு பேருமாக வண்டியில் ஏற்றினோம். அவன் பாடிக்கொண்டே தள்ளிக்கொண்டு போனான்.

சாப்பாட்டுக்கு எப்போதும் போலக் குண்டூசியோடு உட்கார்ந்தேன். குண்டூசி சின்ன மெஷினில் கருவிகளுக்கு முனை தீட்டுகிறவள். உடம்பும் அப்படி, நாக்கும் அப்படி. என்னவோ சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்துவைத்தேன். சங்கு ஊதியதும் அவள் ஷெட்டுக்குப் போனாள். நான் ஸ்டோருக்கு வந்து மிஷினைக் காதில் மாட்டி, சக்கரத்தைத் திருகி, அடுத்த கல்லைத் தொங்கவிடக் கயிற்றை எடுத்தேன். கக்கத்தில் இடுக்கியிருந்த மரச் சுத்தி நழுவிக் கீழே விழுந்தது. கீழே காலி அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. அதன் மேல் விழுந்தது.

'ணங்ங்ங்' என்றது.

குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அட்டைப்பெட்டி பாடுமா? சுத்தியை எடுத்துப் பெட்டியில் மறுபடி ஒரு தட்டு தட்டினேன். ணங்ங்ங். மேஜையைத் தட்டினேன். மர மேஜை, அதுவும் ணங்ங்ங். தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பாட்டிலைத் தட்டினேன். அதுவும் அதே குரலில் பாடியது. சக்கரத்தைக் குறைத்துவிட்டுப் பெட்டியைத் தட்டினால் ஒரு மொத்து மட்டும் லேசாகக் கேட்டது. ஏற்றினால் பாடியது. கத்துவதற்குச் சற்று முன்னால் நான் கண்டுபிடித்து வைத்திருந்தேனே ஓர் அழகான இடம், அங்கே நின்றுகொண்டு இந்தச் சனியன் எந்தச் சத்தத்துக்கும் தானே ஒரு வாலை ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாகப் பாடியது கல் இல்லை.

காலையில் ரேடியோவுக்குக் கொடுத்த கல் நினைவுக்கு வந்தது. அவன் சாப்பிட்டிருப்பான். மாட்டிக்கொண்டிருப்பான்.

சுவரில் இருந்த போனை எடுத்து ஷெட் எண்ணை அழுத்தினேன். காதில் வைத்ததும் மிஷின் கீய்ய்ய் என்று அலறியது. பிடுங்கி மேஜையில் எறிந்துவிட்டுப் போனை மறுபடி வைத்தேன். இப்போது ஒன்றுமே இல்லை. மணி அடிக்கிறதா, எடுத்தார்களா, எதுவும் தெரியவில்லை. "ரேடியோவை மெஷினைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க! கல்லை மாட்ட வேண்டாம்! யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினேன். யாரிடம் கத்தினேன் என்று யாருக்குத் தெரியும்? போனைத் தொங்கவிட்டுவிட்டு, எறிந்த மிஷினை என்ன நினைத்தோ மறுபடி காதில் திணித்துக்கொண்டு ஓடினேன்.

ஸ்டோருக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம், லாரி நிற்கிற இடம், அப்புறம் இரும்புக் கம்பி அடுக்கிய நீளச் சந்து. தினம் நான்கு தடவை நடக்கிற தூரம்தான். அன்றைக்கு முடியவே இல்லை. ஐம்பத்தொரு வயதில் கனத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடினால் எப்படி இருக்கும்? வழியில் நின்ற லாரிக்காரன் கை தட்டினான். அவன் தலையில் இடி விழ என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

ஷெட் வாசலில் கால் வைத்ததும் இருபது மெஷின் இரைச்சலும் ஒன்றாகக் காதுக்குள் பாய்ந்தது. கண் இருட்டியது. ரேடியோ கோடியில் நின்றுகொண்டிருந்தான். கல்லை மாட்டிவிட்டான். கவசத்தை மூடிவிட்டான். "நிறுத்துடா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அவன் திரும்பவில்லை. இரைச்சலுக்காகக் காதில் பஞ்சு அடைத்திருந்தான். எனக்கும் கேட்காது, அவனுக்கும் கேட்காது. நல்ல அண்ணி, நல்ல கொழுந்தன்!

அவன் பச்சைப் பொத்தானை அழுத்தினான். கல்லுக்கு நேர் எதிரே, அதைப் பார்த்தபடி நின்றான்.

அவனிடம் ஓடியிருந்தால் நேரம் இருந்திருக்காது. வாசல் தூணில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினால் ஷெட்டில் எல்லா மெஷினுக்கும் மின்சாரம் நின்றுவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் நான் அதைத் தொட்டதில்லை. இரண்டு கையாலும் ஓங்கி அடித்தேன்.

விளக்கைத் தவிர எல்லாம் அடங்கியது. ஆனால் அந்தப் பெரிய கல் அடங்காது. மின்சாரம் போனாலும் ஏற்கெனவே எடுத்த வேகத்தில் மூன்று நான்கு நிமிஷம் சுற்றித்தான் நிற்கும். அதன் எதிரிலேயே நின்றுகொண்டு இந்த மடையன் சுற்றும் முற்றும் பார்த்தான். என்னைப் பார்த்ததும் பஞ்சை எடுத்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன அண்ணி, ஓட்டப் பந்தயமா?"

"நகருடா! ஓரமா போ! ஓரமா!"

"என்னாச்சு, வீட்ல யாருக்காவது..."

ஓடிப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒரு பொத்தான் தெறித்தது. அவனைத் தூணுக்குப் பின்னால் தள்ளி, நானும் அவன் மேலேயே சாய்ந்து நின்றேன். பக்கத்து மெஷின்காரர்களைப் பார்த்து, பின்னால் போங்கள் என்று கையை வீசினேன். அவர்கள் புரியாமல் இரண்டு அடி நகர்ந்தார்கள். என்னுடைய நெஞ்சு அடித்துக்கொள்வது அந்தக் காது மிஷினில் டமாரம் மாதிரி கேட்டது. கல் சுற்றிக்கொண்டே இருந்தது. கவசத்தின் இடுக்கில் அதன் விளிம்பு சாம்பல் நிறக் கோடாகத் தெரிந்தது. இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும் என்று யாரிடம் என்று தெரியாமலே கெஞ்சினேன். ஒரு வழியாகக் கோடு தடித்தது. கல்லில் நான் போட்ட டிக் மங்கலாக வந்து வந்து போனது. பிறகு ஒவ்வொரு சுற்றாக எண்ண முடிந்தது. பிறகு நின்றது.

"கழட்டு. கழட்டித் தொங்கவிட்டுத் தட்டிப் பாரு" என்றேன்.

"நீங்க தட்டியாச்சே?"

"சொன்னதைச் செய்டா!"

என் குரலில் என்ன இருந்ததோ, வாயை மூடிக்கொண்டு கழற்றினான். இரண்டு பேர் தூக்கிக் கொடுக்க, கயிற்றில் தொங்கவிட்டு, சுத்தியின் மரப்பிடியால் தட்டினான். நான் கல்லைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன். கல்லைக் கொஞ்சம் திருப்பி மறுபடி தட்டினான். அவன் முகம் வெளுத்துவிட்டது. சுத்தியை மெல்லக் கீழே வைத்தான்.

பிறகு என் பக்கத்தில் வந்து குனிந்தான். தலைத்துணி ஓட்டத்தில் நழுவியிருந்தது. மிஷினைப் பார்த்துவிட்டான். தழைந்த குரலில், காதோடு காதாகச் சொன்னான்.

"அண்ணி, யாருக்கும் தெரிய வேண்டாம். வண்டியிலேர்ந்து இறக்கும்போது நான் கை தவறிக் கீழ போட்டுட்டேன், நீங்க அதைப் பார்த்துட்டு ஓடி வந்தீங்கன்னு சொல்லிடறேன். என்ன, ரெண்டு திட்டு திட்டுவாங்க. நீங்க எனக்கு எவ்வளவு செஞ்சிருக்கீங்க. இதைக் கழட்டிப் பையில போடுங்க."

கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், 'சரிடா' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் பிழைத்தான், நானும் பிழைத்துக்கொள்ளலாம். நாளைக்கே டாக்டரிடம் போய், நல்ல மிஷினாக வாங்கி, மறுபடி கை ராசி அண்ணியாகவே இருந்துவிடலாம். ஆனால் கண் தன்னால் அவன் தோளுக்கு மேலே போனது. வரிசையாக மெஷின்கள் நின்றன. மூன்று வாரத்தில் முப்பத்தெட்டுக் கல் கொடுத்திருந்தேன். அதில் பாதிக்கு மேல் இங்கேயே ஓடிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "யார் பொத்தானை அமுக்கினது? சாயங்காலம் சரக்கு ஏத்த லாரி வருது, இங்க என்ன நாடகம்?"

"நான்தான் சார்" என்றேன். "இந்தக் கல் விரிசல்."

"ஐயையோ." தொங்கிய கல்லை அவரே ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். "நல்ல வேளை. உங்களுக்குக் கோயிலே கட்டலாம் அண்ணி. சரி, இதை உடைச்சுப் போட்டுட்டு வேற மாட்டுங்க. மத்தவங்க எல்லாம் ஓட்டுங்கப்பா!"

"இல்ல சார், யாரும் ஓட்டக் கூடாது. மூணு வாரமா குடுத்த எல்லாக் கல்லையும் கழட்டி மறுபடி தட்டணும்."

"எதுக்கு? ஒண்ணு எப்படியோ தப்பிப் போச்சு. மனுஷங்கதானே."

"நான் சரியாத் தட்டல சார்."

"நீங்களா?" அவர் சிரித்தே விட்டார். "பதட்டத்துல பேசறீங்க. போய்த் தண்ணி குடிங்க. உங்க காது எப்படின்னு எனக்குத் தெரியாதா?" தூணைப் பார்த்துக் கை காட்டினார். யாரோ சிவப்புப் பொத்தானை விடுவித்தார்கள். ரேடியோ என் முழங்கையை இறுக்கிப் பிடித்தான். பேச வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான்.

ஒவ்வொருவராகத் தங்கள் இடத்துக்குத் திரும்பினார்கள். குண்டூசி தன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை நான் கொடுத்த கல் அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

"ஓட்டாதடி" என்றேன்.

"அட போங்க அண்ணி" என்றாள் அவள், சிரித்துக்கொண்டு. "வேற யாராவது தட்டியிருந்தா பயப்படணும். நீங்க தட்டின கல்லையே சந்தேகப்பட்டா நான் எதைத்தான் நம்பறது?"

அவள் விரல் சுவிட்சின் மேல் இருந்தது.

ரேடியோவின் கையை உதறினேன். காதிலிருந்த மிஷினைப் பிடுங்கி, தலைக்கு மேலே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தேன்.

"எனக்குக் காது கேக்காது!" என்று கத்தினேன். "ஒரு வருஷமா கேக்காது! மருந்துக் கடையில இதை வாங்கி மாட்டிக்கிட்டுத் தட்டினேன். இது எல்லாத்துக்கும் நல்லா இருக்குன்னுதான் சொல்லும். அட்டைப்பெட்டிக்கும் சொல்லும். நான் டிக் போட்ட ஒரு கல்லும் தட்டின கல்லு இல்ல!"

எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. சூப்பர்வைசர் வாய் திறந்தபடி நின்றார். ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் எல்லாக் கல்லையும் கழற்றி, சூப்பர்வைசரும் ரேடியோவும் சேர்ந்து தட்டினார்கள். பெரிய கல்லோடு இன்னொன்றும் விரிசல். அது எந்த மெஷினில் இருந்தது என்று ரேடியோ என்னிடம் சொல்லவில்லை. நல்ல கற்களைத் திரும்ப மாட்டிய பிறகு நானே போய்ப் பார்த்தேன், குண்டூசியின் மெஷின் காலியாகக் கிடந்தது.

ஆனால் நான் கத்தி முடித்த அந்த நிமிஷத்தில் அதெல்லாம் யாருக்கும் தெரியாது. குண்டூசி சுவிட்சிலிருந்து விரலை எடுத்தாள். ஸ்டூலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து, என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். அவள் வாய் அசைந்தது. நான்கு வார்த்தை இருக்கும். மிஷின் என் கையில் இருந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்ன சொன்னாள் என்று இன்றுவரை நான் அவளிடம் கேட்கவில்லை.